வெள்ளிக்கிழமை ஊசி

வினாயகமூர்த்தி நண்டுக்கறியைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு எழுந்தார். இரத்தினம்மா தட்டைப் பார்த்தாள். இரண்டு நண்டில் ஒன்று கால்கூட முறியாமல் கிடந்தது. முருங்கையிலை போட்டு, தேங்காய்ப்பால் திரைந்துவிடாமல் அடுப்படியில் நின்று நின்று அவள் காய்ச்சிய கறி.

"ஏன், உப்புக் கூடிட்டா?"

"சேச்சே, நல்லாத்தான் இரிக்கி. வயிறு போதுமெண்டு செல்லுது புள்ள."

"வயிறா செல்லுது? அந்த ஊசியெல்லுவா செல்லுது."

அவர் சிரித்துக்கொண்டே கை கழுவப் போனார். முன்பெல்லாம் நண்டுக்கறி என்றால் மூன்று முறை சோறு கேட்கிற மனிதர். கடைசியில் சட்டியை வழித்து, அந்தச் சட்டிக்குள்ளேயே சோற்றைப் போட்டுப் பிசைவார். இப்போது அரைத் தட்டோடு எழும்பிவிடுகிறார்.

மாலை ஐந்தரைக்கு நடந்ததையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருடமாக அந்த நேரத்துக்கு ஆணியில் தொங்கும் சேட் அவர் தோளுக்கு இறங்கிவிடும். வவுணதீவுச் சந்திக்குப் போகும் வழியில் ஒரு தவறணை. அங்கே கள்ளில் தொடங்கி, வேறு இடத்தில் சாராயத்தில் முடித்துவிட்டுத்தான் ஆள் வீடு வருவார். இப்போது சேட் ஆணியிலேயே தொங்குகிறது. அவர் வாளியில் தண்ணீர் அள்ளிக் கத்தரிக் கன்றுகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

எந்த மனைவிக்கும் இது கண் குளிரும் காட்சி. முதல் இரண்டு கிழமை இரத்தினம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் அவள் நெஞ்சுக்குள் வேறொன்று வந்து குந்திக்கொண்டது.

குடியை நிறுத்த அவள் செய்யாதது இல்லை. அழுதாள். மாதக்கணக்கில் பேசாமல் இருந்தாள். வீடு அவளுடைய சீதன வீடு என்பதால் ஒருமுறை கதவைப் பூட்டி வெளியே விட்டாள். அவர் வயல் வட்டையில் இருக்கும் காவல் குடிலில் போய்ப் படுத்துக்கொண்டார். ஒரே மகளைச் செங்கலடியில் கட்டிக்கொடுத்த அன்று பந்தல் காலைப் பிடித்தபடி நின்று, வந்த சனத்துக்கெல்லாம் இரண்டு தரம் வணக்கம் சொன்னார். அன்று அவள் அழவில்லை. அழுது முடிந்துவிட்டிருந்தது.

அவளுக்கு மிஞ்சியது ஊர்க் கண்ணகி அம்மன்தான். அந்தக் கோயில் வருடத்தில் ஒருமுறை, வைகாசிச் சடங்குக்கு மட்டும் கதவு திறக்கும். சடங்கு முடிந்து பூட்டினால் அடுத்த வைகாசிதான். பதினெட்டு வருடத்துக்கு முன் அந்தத் திறந்த கதவின் முன்னால் நின்று, "இந்த மனிசன் குடியை விட்டால் மடைப்பெட்டி எடுத்து வாறன் தாயே" என்று நேர்ந்தாள். பனையோலைப் பெட்டிக்குள் அரிசியும் தேங்காயும் பழமும் பாக்கும் வெற்றிலையும் வைத்து, வெள்ளைத் துணியால் மூடி, தலையில் சுமந்து வருவது. அதுவரை வெள்ளிக்கிழமைதோறும் பொழுது படும்வரை வெறும் தேத்தண்ணியோடு இருப்பதென்றும் சொன்னாள். இருந்தாள். காய்ச்சலிலும் இருந்தாள். மகளின் கல்யாணக் கிழமையிலும் இருந்தாள்.

இந்தத் தை மாதம் சுவிஸிலிருந்து வந்தாள் தக்ஷாயினி, வினாயகமூர்த்தியின் தங்கை. தமையனின் உடம்புப் பாரத்தையும் வீங்கிய கால்களையும் கண்டு, மறுநாளே வலையிறவுப் பாலம் கடந்து பட்டணத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். இரத்தத்தில் சீனி ஏறிக் கிடந்தது. கிழமைக்கு ஒருமுறை போடும் ஊசியை டாக்டர் எழுதினார். செலவு தன்னுடையது என்றாள் தக்ஷாயினி. பதினைந்து நாள் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமைதான் ஊசி நாள் என்று முடிவானது. மறந்துபோகாத நாள் என்று தக்ஷாயினியே சொன்னாள். போட்டுவிடுவது இரத்தினம்மா. புடையன் பாம்பைக் கம்பால் தூக்கி எறிகிற வினாயகமூர்த்திக்கு ஊசியென்றால் கண் இருட்டும். பனியனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை இறுக மூடிவிடுவார். எட்டாம் வகுப்போடு நின்ற இரத்தினம்மா, ஒரு பேனையைப்போல இருக்கும் அந்தச் சாமானில் முனை பூட்டவும், அடிப்பக்கத்தைத் திருப்பி மருந்தின் அளவு வைக்கவும், அழுத்திப் பிடித்து ஆறுவரை எண்ணவும் பழகிக்கொண்டாள்.

மூன்றாம் மாதத்தில் இடுப்புப் பட்டி இரண்டு ஓட்டை உள்ளே போனது. அதோடு, யாரும் எதிர்பாராதது ஒன்று நடந்தது. "தவறணைப் பக்கம் மனம் போகுதில்ல புள்ள. மணம் வந்தாலும் சும்மா இரிக்கி" என்றார். முதலில் சாராயம் நின்றது, பிறகு கள்.

டாக்டரிடம் கேட்டபோது அவர் அவசரப்படவில்லை. "இது சீனிக்கும் பாரத்துக்கும் தாற மருந்து. குடியை நிப்பாட்டும் எண்டு நான் செல்லமாட்டன். சில பேருக்கு அந்த ஆசையும் குறையுது எண்டு செல்லுறாங்க, ஆராய்ஞ்சுகொண்டு இரிக்காங்க. இவருக்குக் குறைஞ்சிருந்தா சந்தோசம்."

ஊர் அவ்வளவு நிதானமாகப் பேசவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் வள்ளிப்பிள்ளை ஒரு காலையில் வாய் நிறைய வெற்றிலையோடு சொன்னாள்:

"உன்ட மச்சாள் ஒரு தெய்வம் புள்ள. நீ பதினெட்டு வருசம் பட்டினி கிடந்து என்னத்தைக் கண்டாய்? அவள் வந்தாள், ஒரு ஊசியால முடிச்சிட்டுப் போயிட்டாள்."

"ஓம் அக்கா, தெய்வம்தான்" என்றாள் இரத்தினம்மா. அன்று குழைத்த மா முழுவதும் கட்டி கட்டியாக நின்றது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தக்ஷாயினி போனில் முகம் காட்டிப் பேசுவாள். வினாயகமூர்த்தி எழுந்து நின்று, திரும்பித் திரும்பி இடுப்பைக் காட்டுவார். "நீதான் எனக்கு உயிர் தந்த தாய்!" அடுப்படியில் மிளகாய் கருகிக்கொண்டிருக்கும். மாதம் ஒருமுறை ஊசிக்குக் காசு அனுப்புகிற நேரத்தில் தங்கையால் இவ்வளவு செய்ய முடியும் என்றால், பக்கத்திலேயே கிடந்து தேய்ந்த தான் யார்? குளிர்சாதனப் பெட்டியின் கதவில், முட்டைகளுக்குப் பக்கத்தில், அந்தப் பேனை படுத்திருக்கும். திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும். வீட்டுக்குள் இன்னொருத்தியைக் கொண்டுவந்து வைத்ததுபோல் இருந்தது இரத்தினம்மாவுக்கு. நேற்று வந்தவள், பேச்சில்லாதவள், கிழமைக்கு ஒரு நாள் மட்டும் வேலை செய்கிறவள். அவள் சொன்னால் கேட்கிறார்.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு இரத்தினம்மா புட்டும் சம்பலும் போட்டுச் சாப்பிட்டாள். இனி ஊசி பார்த்துக்கொள்ளட்டும். வினாயகமூர்த்தி வாசலில் நின்று அதைக் கண்டார். ஒன்றும் சொல்லாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். அவர் ஒன்றும் சொல்லாததும் அவளுக்குச் சுட்டது.

சடங்குக்கு ஒரு மாதம் இருக்கும்போது வள்ளிப்பிள்ளை மறுபடியும் வேலியில் வந்து நின்றாள். "இந்த வருசம் நீ மடைப்பெட்டி எடுக்கோணுமெல்லுவா? நேர்த்தி பலிச்சிட்டே."

பலித்ததா? யாரால் பலித்தது? இப்போது பெட்டியைத் தலையில் தூக்கினால் அது தக்ஷாயினியைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவதுபோல் ஆகாதா? அந்த யோசனையிலிருந்துதான் மற்ற யோசனை முளைத்தது. ஊசி இல்லாமலும் அவர் குடிக்காமல் இருந்தால், அது அம்மாளின் செயல். என் பட்டினியின் பலன். அதை அறிந்துகொண்டு நிம்மதியாகப் பெட்டி எடுக்கலாம். இது அம்மாள்மேல் உள்ள நம்பிக்கை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நம்பிக்கை இப்படி ஒளித்துச் சோதனை செய்யாது என்று அவளுக்கும் உள்ளூரத் தெரியும். பொறாமை ஒரு மனதுக்குள் வந்தால் முதலில் அது சாமியின் உடுப்பைத்தான் எடுத்து உடுத்துகிறது.

அந்த வெள்ளிக்கிழமை முனையைப் பூட்டினாள். அளவைத் திருப்பவில்லை. அவர் சுவர்ப் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். குத்தினாள், அழுத்தினாள், ஆறுவரை எண்ணினாள். "முடிஞ்சி" என்றாள். கை நடுங்கவில்லை. பிற்பாடு அவளை அதிகம் வருத்தியது அதுதான்.

அடுத்த வெள்ளியும் அப்படி. அதற்கடுத்த வெள்ளியும்.

இரண்டாம் கிழமை முடிவில் அவர் இன்னொரு துண்டு மீன் கேட்டார். அவள் இரண்டு வைத்தாள். மூன்றாம் கிழமை சட்டியை வழித்தார். இரத்தினம்மாவுக்கு ஏதோ போனது திரும்பி வந்ததுபோல் இருந்தது. கணவாய் வாங்கினாள், இறால் வாங்கினாள். தட்டு வெறுமையாகும்போது அவள் முகம் மலர்ந்தது. ஐந்தரை மணிக்கு அவர் வெறும் வாளியைப் பிடித்துக்கொண்டு கத்தரிக் கன்றுகளுக்கு நடுவில் தண்ணீர் ஊற்றாமல் நிற்பதைக் கண்டாள். கண்டும், அதைக் காணாததுபோல் இருந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மாலை அவள் இடியப்ப உரல் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது ஆணியில் சேட் இல்லை.

செருப்பையும் மறந்து ரோட்டுக்கு ஓடினாள். சடங்குக்கு இன்னும் ஐந்து நாள். இரண்டு பக்கமும் சிறுபோக நெல் வெள்ளாண்மை இளம்பச்சையாக நின்றது. தூரத்தில் வாவியின் மேல் வெயில் இன்னும் மஞ்சளாகக் கிடந்தது. தவறணைக்கு இப்பால், மதகின் மேல் அவர் தனியாகக் குந்தியிருந்தார்.

"இஞ்ச என்ன செய்றீங்க?"

"இரி புள்ள."

அவள் இருக்கவில்லை. கள்ளு மணந்தது.

"அரைக் கிளாஸ்" என்றார் அவர். "பொய் செல்ல மாட்டன். மிச்சத்தை மேசையில வச்சிட்டு எழும்பி வந்திட்டன். வந்தும் வீட்ட வர வெக்கமா இரிந்திச்சி. அதான் இதில குந்தினன்."

அவள் வெறுங்காலில் ஒட்டிய மணலைத் தட்டினாள்.

"ஊசி பிடிக்குதில்ல போல. ரெண்டு மூணு கிழமையா எல்லாம் பழைய மாதிரி. சோத்தைக் கண்டா விடேலா. அஞ்சரையானா காலு தானா நடக்குது." தலையைச் சொறிந்தார். "ஒண்டு கேக்கன், கோவிக்காத. நீ வெள்ளிக்கிழமை விரதத்தை விட்டிட்டியா?"

"ஏன் கேக்கிறீங்க?"

"அண்டைக்கு நீ புட்டுத் திண்டதைப் பாத்தன். கேக்க வாய் வரல்ல. எந்த மூஞ்சோட கேக்க? பதினெட்டு வருசம் எனக்காகப் பட்டினி கிடந்தவள், இனிப் போதும் எண்டு விட்டிட்டாள் எண்டு நினைச்சன். அதுக்குப் பிறகுதான் எனக்கும் இப்படி…"

"குடியை விட்டது ஊசியால. உங்கட தங்கச்சி செஞ்ச வேலை. நீங்கதானே கிழமைக்குக் கிழமை செல்லுவீங்க, உயிர் தந்த தாய் எண்டு!"

வினாயகமூர்த்தி அவளை விளங்காமல் பார்த்தார். "அவளுக்குச் செல்லாம ஏலுமா? பனிக்குள்ள எழும்பிப் போய் ஹோட்டல்ல கோப்பை கழுவுற புள்ள. அவளைச் சந்தோசப்படுத்த எனக்கிட்ட வேற என்ன இரிக்கி? ஊசி பசிக்கு எண்டு நினைச்சன் நான். குடிக்கு நீ கிடந்த பட்டினி எண்டு நினைச்சன். ரெண்டும் சேந்துதான் எண்டு வையன்."

"அதை எனக்கிட்ட ஒரு நாள் செல்லியிருக்கலாமே."

"உனக்குத் தெரியும் எண்டு நினைச்சன்."

ஒரு வீட்டுக்குள் இப்படி எத்தனை நன்றிகள், தெரியும் என்று நினைத்தே சொல்லப்படாமல் கிடக்கின்றன! இரத்தினம்மா அப்படியே மதகில் இருந்துவிட்டாள். பிறகு, வெள்ளாண்மையைப் பார்த்தபடி சொன்னாள்:

"ஊசியில பிழையில்ல. நான்தான் மருந்தைத் திருப்பல்ல. மூணு வெள்ளியும் வெறும் ஊசிதான் குத்தினன்."

ஒரு மோட்டார் சைக்கிள் அவர்களைக் கடந்து போனது. அவர் கை வயிற்றின் ஓரத்தை, அவள் குத்தும் இடத்தை, மெல்லத் தடவியது.

"மூணு தரமும் சும்மாவா குத்தினாய்?"

"ஓம்."

"ஊசியெண்டா எனக்கு எவ்வளவு பயமெண்டு தெரிஞ்சும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்த அதே வழியால் அழுகையும் வந்தது. அவர் சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. எழுந்து நடந்தார். நடந்தது வீட்டுப் பக்கமாக. அன்று இரவு முழுவதும் அவளோடு அவர் பேசவில்லை. ஆனால் ரோட்டில் கல்லு நிறைந்த இடத்தில், தன் செருப்பைக் கழற்றி அவள் காலடியில் போட்டுவிட்டு வெறுங்காலோடு முன்னால் போனார்.

காலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொன்னார்: "வெளிக்கிடு. பாலத்துக்கு அங்கால போவம்."

டாக்டரின் கிளினிக்கில் விவரம் எழுதுவது ஹப்ஸா, காத்தான்குடிப் பிள்ளை. இரத்தினம்மாவுக்கு ஊசி போடப் பழக்கியதும் அவள்தான். பேனையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து மருந்து நின்ற மட்டத்தைப் பார்த்தாள்.

"மூணு கிழமை போடல்ல போல இரிக்கே அம்மா. என்ன நடந்த?"

"மறதி மகள்" என்றார் வினாயகமூர்த்தி சட்டென்று. "வயல் வேலை, அது இது…"

இரத்தினம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். நேற்றிலிருந்து அவளோடு முகம் கொடுத்துப் பேசாத மனிதர், அவளுக்காகப் பொய் சொன்னார். அந்தப் பொய்க்குப் பின்னால் ஒளிந்துகொள்ள அவளால் முடியவில்லை.

"மறதியில்ல மகள். இவருக்குத் தெரியாம, வேணுமெண்டே நான்தான் போடாம விட்டன்."

ஹப்ஸாவின் கை எழுதாமல் நின்றது. காரணம் கேட்பாள் என்று இரத்தினம்மா காத்திருந்தாள். அவள் கேட்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "எங்கட உம்மா ஒருக்கா கோவத்தில வாப்பாட சிகரெட் பெட்டியெல்லாம் சேத்து முத்தத்தில எரிச்சவ. தெருவே கூடிட்டு. நீங்க சத்தமில்லாமச் செஞ்சிரிக்கீங்க" என்றாள். பிறகு இரத்தினம்மாவின் கையை ஒருமுறை அழுத்தினாள். "டாக்டருக்கிட்டயும் மறைக்காமச் செல்லுங்க. அளவு மாத்தோணும்."

டாக்டர் அந்த ஐந்தரை மணிக் கதைவரை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மறுபடியும் சின்ன அளவிலிருந்து தொடங்கச் சொன்னார். குடிப் பழக்கத்துக்கென்று பேசி உதவும் ஆட்கள் இருக்கும் இடத்துக்கும் ஒரு துண்டு எழுதித் தந்தார். "ஊசியை மட்டும் நம்பிக்கொண்டு இரிக்க வேணாம். அஞ்சரை மணிக்குப் பக்கத்தில ஒரு ஆளும் வேணும்."

அன்று ஐந்தரைக்கு இரத்தினம்மா இன்னொரு வாளி எடுத்துக்கொண்டு கத்தரிப் பாத்திக்குப் போனாள். "இதுக்கு ரெண்டு வாளி தேவையில்ல" என்றார் அவர். மதகுக்குப் பிறகு அவளோடு அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். "தேவையில்லாட்டி நாளைக்கு இன்னும் நாலு கண்டு நடுவம்" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை அவள் சாப்பிடவில்லை. அளவைத் திருப்புமுன் அவர் தோளைத் தொட்டாள். "கண்ணைத் திறந்து பாருங்க." அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து, பேனையின் சின்னக் கண்ணாடிக்குள் எண் மாறுவதைப் பார்த்துவிட்டு, அவசரமாக மூடிக்கொண்டார்.

ஞாயிறன்று கோயில் திறந்தது. அரைக் கிளாஸ் கள்ளுக் குடித்த மனிதருக்காக எடுக்கும் பெட்டியில் நேர்த்தி தீர்ந்ததாகுமா என்று வள்ளிப்பிள்ளை கேட்டாள். "தெரியா அக்கா. எனக்கு எடுக்கோணும் போல இரிக்கி" என்று சொல்லிவிட்டு இரத்தினம்மா வெள்ளை மூடிய பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

பெட்டியை இறக்கியதும் பூசாரியார் கேட்டார்: "யாருட பேர்?"

"வினாயகமூர்த்தி, திருவோணம்." சற்று நின்றாள். "இன்னொரு பேரும் இரிக்கி ஐயா. தக்ஷாயினி."

"நட்சத்திரம்?"

முப்பது வருட உறவில் மச்சாளின் நட்சத்திரத்தை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கணவனைப் பார்த்தாள். அவருக்கும் நினைவில்லை. "கொஞ்சம் பொறுங்க ஐயா" என்று வெளியே ஓடி, மருத மரத்தின் கீழ் நின்று அவருடைய போனை வாங்கினாள். அவளாகத் தக்ஷாயினியை அழைத்தது அதுதான் முதல் தடவை. அங்கே காலை.

"மச்சாளா? அண்ணனுக்கு என்னவும் நடந்திட்டா?"

"ஒண்டுமில்ல, நல்லா இரிக்கார். உன்ட நட்சத்திரம் என்ன?"

"நட்சத்திரமா? இந்த வயசில எனக்கு ரெண்டாம் கலியாணம் பேசுறீங்களா? என்ட மனிசனுக்குத் தெரியுமா?"

"பகிடி விடாத புள்ள. அம்மாளுக்கு முன்னால சனம் வரிசையில நிக்கி. கெதியாச் செல்லு."

அந்தப் பக்கம் ஏதோ ஒரு வாகனத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு "கேட்டை, மச்சாள்" என்று வந்தது. "என்ட பேரைச் செல்ல அங்க ஒருத்தரும் இல்லையெண்டு நினைச்சிருந்தன்."

"மறுகா, சடங்கு முடிய, போன் எடுக்கன். உனக்கிட்ட ஒரு குற்றம் செல்ல இரிக்கி. கேட்டுப்போட்டு நல்லா ஏசு."

உள்ளே போனாள். பூசாரியார் திறந்த கதவின் முன் இரண்டு பேரையும் உரத்துச் சொன்னார். கணவனின் பேரோடு அந்தப் பேரும் சேர்ந்து ஒலித்தபோது இரத்தினம்மாவின் நெஞ்சில் பழைய முள் ஒருதரம் குத்தியது. அது ஒரே நாளில் போகிற சாமான் அல்ல. ஊசி போடும்போது எண்ணுவதுபோல மெல்ல ஆறுவரை எண்ணினாள். பிறகு கும்பிட்டாள்.